வலக்குதிகால் தேய்ந்த செருப்பு

எங்கள் குடும்பங்களில் செருப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வாசலுக்கு வெளியே அது கழற்றப்படும். வெளியே போகும்போது காலில் ஏறும். இடைப்பட்ட நேரத்தில் அது கண்ணுக்குப் புலப்படாத பொருள். தவறிக் கையால் தொட்டவர் கை கால் கழுவித் தலையில் நீர் தெளித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வரவேண்டும். என் அக்காளின் கணவர் இறந்துபோனார் என்று திருநெல்வேலியில் எங்கள் தெரு முழுவதும் நம்பியது இந்த ஒழுக்கத்தினால்தான். இந்த ஒழுக்கத்தை மறைவாக மீறி வந்தவளாதலால் அக்காள் ஒருத்தி மட்டும் நம்பவில்லை.

மேற்கே மலைக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தான் சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் நீராடச் சென்றார். வேட்டியும் துண்டும் படித்துறையில் மடித்து வைத்தபடி கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. அவ்வாண்டு கோடை மழையால் ஆறு பெருகியிருந்தது. வலைஞரை விட்டுத் தேடினார்கள். பிறகு தேடுவதை விட்டார்கள். செய்தி வந்த அன்று அக்காள் அழுதுகொண்டே கேட்டது ஒரே கேள்வி: "செருப்பு எங்க?"

ஆற்றில் இறங்குபவர் செருப்போடு இறங்க மாட்டார். அப்படியானால் அது வேட்டிக்குப் பக்கத்தில் கிடந்திருக்க வேண்டும். கிடந்ததா என்று பார்த்து வந்தவர் ஒருவருமில்லை. பார்க்க வேண்டிய பொருள் அது என்று எவருக்கும் தோன்றவில்லை. யாராவது ஆட்டுக்காரன் எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று அத்தானின் பெரியப்பா சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அத்தான் சிறுவயதில் தந்தையை இழந்து இந்தப் பெரியப்பாவின் வீட்டில் வளர்ந்தவர். மாமரத்திலிருந்து விழுந்து அவருடைய வலக்கணுக்கால் கோணலாகப் பொருந்திவிட்டது. அந்தக் காலை வெளிப்பக்கம் சாய்த்துச் சற்றே இழுத்து நடப்பார். பெரியவருக்கு அது பொறுக்காது. "ஏலே, காலை இழுக்காதலே" என்னும் அதட்டலை அந்த வீட்டுக்குப் போன நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். உண்ண அமரும்போது கேட்கும். கோயிலுக்குப் புறப்படும்போது கேட்கும். திருமண ஊர்வலத்தில் நாகசுரத்துக்கு மேலாகவும் கேட்டது. அதைக் கேட்ட மாத்திரத்தில் அத்தான் காலைத் தூக்கி வைப்பார். பத்தடி போனதும் கால் பழையபடி இழுபடும்.

வெயிலில் காய்ந்து சுருங்காதபடி அவருடைய செருப்பை நாள்தோறும் நிழலுக்கு நகர்த்தி வைத்தவள் அக்காள். ஒருவரும் பார்க்காதபோது கையாலேயே எடுத்து வைப்பாள். அதனால் வலச்செருப்பின் குதிகாலில் வெளிவிளிம்பு மட்டும் பிறைபோலத் தேய்ந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும். உலகில் வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்து வந்த ஆடியில், முண்டந்துறைக்கு அப்பால் காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கும் ஐயனார் கோயிலுக்குப் போய்த் திரும்பிய அண்டைவீட்டுப் பெண்கள் ஒரு செய்தி கொண்டு வந்தார்கள். தாடி வளர்த்த ஒருவன் தங்களைக் கண்டதும் மரங்களுக்குள் மறைந்தான் என்றும், காலை இழுத்து நடந்தான் என்றும் அவர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள். அக்காள் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்தக் கோயிலில் காவல் தெய்வம் ஒன்றுண்டு. வேண்டிக்கொண்டவர்கள் அதற்குச் செருப்புத் தைத்துக் கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிடுவார்கள். மறுமுறை போய்ப் பார்த்தால் செருப்பு தேய்ந்து, மண் படிந்து, முள் ஏறியிருக்கும். தெய்வம் அதை அணிந்து காட்டைச் சுற்றிக் காவல் காக்கிறது என்பது நம்பிக்கை. மறு ஆடியில் அக்காளும் அந்தப் பெண்களிடம் ஒரு சோடி கொடுத்தனுப்பினாள். அத்தானுக்கு வழக்கமாகத் தைப்பவரிடம் அத்தானின் அளவுக்கே தைக்கச் சொல்லி, பெருவிரல் வாரில் பச்சை நூல் கோக்கச் சொன்னாள். எங்கள் வீட்டில் இது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த பங்குனியில் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்து முடிவைச் சொன்னார். இதற்கு மேலும் காத்திருப்பது குடும்பத்துக்கு ஆகாது. தருப்பைப் புல்லால் உருச்செய்து எரித்துக் கருமாதியை முடித்துவிட வேண்டும் என்றார். முடித்தால் அன்றே அக்காளின் தாலி இறங்கும். அக்காள் கதவுக்குப் பின்னே நின்றபடி, ஒருமுறை ஐயனார் கோயிலுக்குப் போய்வரட்டும், அங்கே அடையாளம் ஒன்றும் இல்லையானால் தானே கழற்றித் தருவதாகச் சொன்னாள். பெரியவர் உடனே இசைந்தார். தாமும் வருவதாகவும், வழிகாட்டியைத் தாமே அமர்த்துவதாகவும் சொன்னார்.

அவ்வளவு விரைவில் அவர் இசைந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. நான் அப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியன். ஓர் ஏட்டில் கண்ட சொல்லை வேறோர் ஏட்டோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்கலாகாது என்று பழக்கப்பட்டவன். மனிதர்களையும் அவ்வாறே ஒத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டிருந்தது. அத்தான் பங்குக்குரிய வயல்கள் பெரியவரின் கையில்தான் இருந்தன என்பதும் என் நினைவில் இருந்தது.

கோயிலுக்குக் கூட்டம் போவது ஆடி அமாவாசைக்கு. நாங்கள் போனதோ சித்திரைக் கோடையில். புகைவண்டியின் இருப்புச் சன்னல்கள் தொட்டால் சுட்டன. அம்பாசமுத்திரத்தில் இறங்கி வண்டி பிடித்துப் பாபநாசம் சேர்ந்தோம். படித்துறையைக் கடக்கும்போது அக்காள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை; பெரியவர் திரும்பினார். மறுநாள் விடியலில் வழிகாட்டி வந்து சேர்ந்தார். நடுவயதினர், தோளில் அரிவாள், கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர்.

பொதியமலையைப் பற்றி நான் கற்றிருந்த செய்யுள்களில் தென்றலும் சந்தனமும் அருவியும் இருந்தன. உண்ணி இல்லை. மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் கணுக்கால் முழுவதும் உண்ணி ஏறிவிட்டது. காற்று அசையவில்லை. மூங்கில்கள் காய்ந்து ஒன்றோடொன்று உராய்ந்து முனகின. அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் யாரோ பின்தொடர்வதாக எண்ணித் திரும்பிப் பார்த்தேன். ஆற்றை அடுத்த பாறைகளில் நடக்க நேர்ந்தபோது செருப்புக்குள்ளும் கால் வெந்தது. அக்காள் வெறுங்காலோடு வந்தாள். பாறை வரும்போதெல்லாம் முந்தானையை நனைத்துப் பாதத்தில் சுற்றிக்கொண்டாள்.

முண்டந்துறையைத் தாண்டியதும் வழிகாட்டி, முன்னே யானை நிற்கிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு மறைந்தார். நெடுநேரம் கழித்துத் திரும்பியபோது வாய் நிறைய வெற்றிலை. போகும்போது அவர் வாயில் வெற்றிலை இல்லை, மடியிலும் இல்லை. யானையைப் பார்க்கப் போனவருக்குக் காட்டில் வெற்றிலை கொடுத்தது யார்? பெரியவர் அமர்த்திய ஆள், எங்களுக்கு முன்னே கோயிலுக்குப் போய் அந்தச் செருப்பை அப்புறப்படுத்திவிட்டார் என்று முடிவு செய்தேன். அக்காளிடம் சொன்னேன்.

"பைய வா. இருந்தா இருக்கு" என்றாள்.

இருந்தது. ஆற்றை நோக்கிய சிறு கோயில். பின்னால் நீர்மருத மரங்கள். காவல் தெய்வத்தின் முன்னே குறுக்குச் சட்டத்தில் வரிசையாகச் செருப்புகள். சில யானைக் காலுக்குத் தைத்தவைபோல் பெரியவை. பச்சை நூலிட்ட சோடி ஓரமாகத் தொங்கிற்று. அக்காள் நேரே போய், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதைக் கையில் எடுத்துத் திருப்பினாள். வலக்குதிகாலின் வெளிவிளிம்பு பிறைபோலத் தேய்ந்திருந்தது. அடிப்பக்கத்தில் அப்பியிருந்த ஆற்று மண்ணை விரலால் தொட்டாள். அது ஈரமாக இருந்தது. பல நாளாக மழை இல்லாத காடு அது.

பெரியவர் செருப்பைத் தொடமாட்டார். என்னைப் பிடிக்கச் சொல்லி எட்ட நின்றே பார்த்தார். தெய்வம் நடந்தால் தேயாதா என்று கேட்டுக் கும்பிட்டார். அவருக்கு அது வசதி. தெய்வம் தேய்த்த செருப்பு ஒரு மனிதன் உயிரோடிருப்பதற்குச் சான்றாகாது. குதிகால் தேய்வைப் பற்றி அக்காள் சொன்னபோது அவர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"ஏன் வே வாத்தியாரே, இதை நீரு ஊருலயே கல்லுல தேச்சுக் கொடுத்தனுப்பி இருக்கலாம்லா?"

நான் அவரை ஐயுற்றுக்கொண்டிருந்த அதே முறைமையில் அவர் என்னை ஐயுற்று வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்தவர்களின் கால்களைப் பார்க்கத் தொடங்கினேன். பூசாரியின் பாதம் முறம்போல் அகன்று, விரல்கள் பிரிந்து, வெடித்திருந்தது. அந்தச் செருப்பில் பாதிகூட நுழையாது. வழிகாட்டியின் கால் சிறியது. பெரியவர் உறங்கும்போது அவருடைய காலைக்கூடப் பார்த்து வைத்தேன். எதற்கென்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

பயணிகளுக்கென்று ஆற்றங்கரையில் விட்டிருந்த ஓலைக்குடில்களில் தங்கினோம். பெரியவர் தம் நீரைத் தாமே மொண்டு செம்பின் வாயைத் துணியால் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அக்காள் ஆக்கியதை நான் உண்ட பிறகே உண்டார். நானோ அவர் பூசாரியோடு தனித்துப் பேசிவிடாதபடி காவலிருந்தேன். கருமந்திகள் கிளைகளில் அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. காட்டில் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டிருந்த உயிர்களில் அவைதாம் அமைதியானவை.

மறுநாள் முழுவதும் செருப்பு அசையவில்லை. அடுத்த நாளும் அப்படியே. நூலின் முடிச்சை நான் ஒரு பக்கமாகத் திருப்பி அடையாளம் வைத்திருந்தேன், திருப்பியபடியே இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பு நாள்தோறும் நடந்த செருப்பு, நாங்கள் வந்ததும் நின்றுவிட்டது. வந்த காரியம் முடிந்தது, புறப்படலாம் என்று பெரியவர் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

உச்சிப்பூசை முடித்து நடையைச் சாத்திய பூசாரியிடம் அக்காள் போனாள். நானும் உடன் போனேன்.

"பூசாரி ஐயா, நாங்க வந்ததுல இருந்து சாமிக்கு நடக்கவே மனசு வரலையோ?"

பூசாரி வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த வெற்றிலையை முன்பே ஒருவர் வாயில் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி முன்கூட்டியே ஓடியது செருப்பை மறைக்கவன்று, பூசாரிக்குத் தகவல் சொல்ல என்பது எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. அவர் பெரியவரின் ஆள் அல்லர். இந்தக் காட்டின் ஆள்.

"சாமி சூட்டுலதான் நடக்கும் தாயி," என்றார் பூசாரி. "ஆள் நடமாட்டம் இருந்தா நடக்காது."

பிறகு பைய எல்லாம் சொன்னார். காலையில் பாறை குளிர்ந்திருக்கும்போது கோயிலுக்கு வெறுங்காலோடு வருபவர்கள் உச்சியில் திரும்பிப் போக முடியாது. அவர்களுக்குத் தெய்வத்தின் செருப்பை எடுத்துக் கொடுப்பது வழக்கம். மறுநாள் காலை கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நான் சற்றுக் கடுமையாகக் கேட்டேன். அப்படியானால் தெய்வம் நடக்கிறது என்பது பொய்தானே என்றேன்.

"யாரு காலுல கிடந்தா என்னய்யா? நடக்கது அவருதான்" என்றார். என்னோடு வழக்காடும் எண்ணம் அவருக்கு இல்லை.

பச்சை நூல் செருப்பை எடுப்பவர் காட்டுக் குத்தகைக்காரரிடம் தேனும் மெழுகும் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். ஆற்றுக்கு அப்பால் கொட்டகையில் தங்குகிறார். ஊரிலிருந்து யார் வந்து கேட்டாலும் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அளவு எடுத்ததுபோல் அந்தச் செருப்பு அவர் காலில் அமர்ந்த அன்று நெடுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் பூசாரி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அக்காள் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி சொன்னாள்: "அவியளைக் கூட்டிட்டுப் போவ நான் வரலை. இது கழுத்துல கிடக்கட்டும்னுதான் வந்தேன். அங்கன நின்னு பெரிய மாமா கண்ணுல ஒருதடவை பட்டாப் போதும். இதை மட்டும் சொல்லுங்க."

மறுநாள் உச்சிவேளையில் மறுகரையில் ஒருவர் வந்து நின்றார். ஆறு கோடையில் ஒடுங்கி இரண்டு பாறைகளுக்கிடையே முழங்காலளவே ஓடிற்று. தாடி மார்பில் விழுந்திருந்தது; உடல் கருத்து ஒட்டியிருந்தது. வெறுங்காலோடு நின்றமையால் பாறையின் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தார். பெரியவர் கையை நெற்றிக்கு மேல் குவித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரோ தேன் எடுக்கவன். நம்ம பிள்ளைக்கு ஏது இவ்வளவு தாடி?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் உறுதியில்லை. இந்தத் தொலைவில், இந்தத் தாடிக்குள், எவரையும் நிறுத்தலாம். அக்காளின் துயரைக் கண்டு இரங்கி, பூசாரியே ஒரு கூலியாளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம் என்ற எண்ணம் என்னுள் எழுந்தது. எழுந்ததை அடக்கவும் முடியவில்லை.

அக்காள் என்னையும் பெரியவரையும் பார்க்கவில்லை. சட்டத்திலிருந்து பச்சை நூல் செருப்பை எடுத்து வந்து வழிகாட்டியிடம் கொடுத்தாள். "பேச வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி. இதைப் போட்டுக்கிட்டு அந்தப் பாறை மேல கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க."

வழிகாட்டி ஆற்றைக் கடந்து செருப்பைக் கீழே வைத்தார். மறுகரையில் நின்றவர் காலை நுழைத்தார். வாரைச் சரிசெய்யக் குனியவில்லை. நீரோட்டத்தை ஒட்டிய நீண்ட பாறைமேல் எங்களுக்குப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினார். வலக்கால் வெளிப்பக்கம் சாய்ந்தது. தோல் பாறையில் உரசும் ஓசை நீரின் ஓசைக்கு மேலாகக் கேட்டது. ஒரு முறை. மீண்டும் ஒரு முறை.

"ஏலே, காலை இழுக்காதலே."

குரல் என் பக்கத்திலிருந்து வந்தது. சொன்னது பெரியவர். சொல்லப்போகிறோம் என்பது அவருக்கே தெரிந்திராது என்றுதான் நினைக்கிறேன். கை இன்னும் நெற்றிமேல் குவிந்தபடியே இருந்தது. மறுகரையில் நடந்தவர் அந்தக் கணமே வலக்காலைத் தூக்கி வைத்தார்.

அதற்கு மேல் ஒத்துப் பார்க்க ஒன்றுமில்லை. கூலிக்கு நிறுத்தியவன் அந்தச் சொல்லுக்குக் கால் தூக்கமாட்டான்.

பெரியவர் பாறையில் அமர்ந்து தண்ணீர் கேட்டார். அவருடைய செம்பு குடிலில் இருந்தது; பூசாரியின் குடுவையைத்தான் நீட்டினேன். வாங்கிக் குடித்தார். அத்தான் சற்று நேரம் அங்கேயே நின்றார். அக்காளும் நின்றாள். முழங்காலளவு நீரை இருவரில் ஒருவரும் கடக்கவில்லை. பிறகு அவர் திரும்பி மரங்களுக்குள் போனார். மறையும்வரை காலைத் தூக்கித் தூக்கி வைத்தே நடந்தார். மறைந்த பிறகு சருகில் கால் இழுபடும் ஓசை கேட்டது.

மறுநாள் காலை புறப்படும்போது செருப்பு சட்டத்தில் தொங்கிற்று. அடியில் மண் ஈரமாக இருந்தது. இறக்கத்தில் இறங்கும்போது அக்காளிடம், ஆற்றைக் கடந்து போய்ப் பேசியிருக்கலாமே என்றேன்.

"கூப்பிட்டாவளா? கூப்பிட்டாப் போயிருப்பேன்" என்றாள். பின்பு உண்ணி ஏறிய என் காலைக் காட்டி, எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொன்னாள்.

பெரியவர் வழிநெடுகப் பேசவில்லை. இந்தப் பேசாமையை நான் நம்பவில்லை. ஊருக்குப் போனதும் தேன் எடுக்கும் எவனையோ கண்டோம் என்று சொல்லிவிடுவார். நானும் அக்காளும் சொல்வதை எவரும் ஏற்கமாட்டார்கள் என்று கணக்கிட்டேன். புகைவண்டியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெரியவரின் வீட்டில் சுற்றத்தார் கூடியிருந்தார்கள். கருமாதிக்கு நாள் குறிக்க வேண்டியவரும் வந்து அமர்ந்திருந்தார். பெரியவர் கால் கழுவி உள்ளே வந்தார்.

"சாமி செருப்பு தேய்ஞ்சுதான் கிடக்கு. இனிமே இந்த வீட்டுல கருமாதிப் பேச்சு எடுக்கப்பிடாது" என்றார்.

வேறு எதுவும் சொல்லவில்லை. ஓடிப்போனவனின் குடும்பம் என்ற பேச்சுக்கு அஞ்சி அவ்வாறு சொன்னாரா, வேறு எண்ணத்தில் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் தெய்வம் குறி காட்டியதாக எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாள் குறிக்க வந்தவர் மோர் குடித்துவிட்டு எழுந்து போனார். அக்காள் கதவுக்குப் பின்னே நின்றாள். கயிறு அவள் கழுத்தில் இருந்தது.

ஆனி முடியும் தறுவாயில் அவள் மறுபடியும் செருப்புத் தைக்கக் கொடுக்கப் போவதாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அமர்ந்திருந்த பெரியவர் எங்கள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வலக்குதிக்கு ரெண்டு தோல் வச்சுத் தைக்கச் சொல்லு. வெளிப்பக்கம் மட்டும்."

அந்த வீட்டின் கூரைக்கடியில் செருப்பைப் பற்றி ஓர் ஆண் வாய்விட்டுப் பேசியதை அன்றுதான் கேட்டேன். அக்காள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அங்கேயே அமர்ந்து, இதற்குள் அவருக்கு என்ன உள்நோக்கம் இருக்கக்கூடும் என்று விளக்கேற்றும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.